தலையெழுத்து

2025-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை. ஒன்பதாம் வகுப்புக்குள் நான் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லோரும் கரும்பலகையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். செய்தித்தாளிலிருந்து கத்தரித்த ஒரு படத்தை ஒரு பையன் பலகையில் ஒட்டியிருந்தான். இரண்டு ஆண்களின் முகங்கள். காரைக்குடிச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் தினம் பார்க்கிற முகங்களைப் போலத்தான் இருந்தன. ஆனால் அந்த முகங்களுக்கு உரியவர்கள் மண்ணுக்குள் போய் ஏறக்குறைய 2,500 வருஷங்கள் ஆகின்றன என்று படத்தின் கீழே அச்சிட்டிருந்தது.

எங்கள் சிவகங்கை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மதுரைக்கு அருகே, கீழடி இருப்பதை நேயர்கள் அறிவார்கள். 2014-ஆம் வருஷம் இந்தியத் தொல்லியல் துறையார் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். பின்னர் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் அந்த வேலையை மேற்கொண்டார்கள். செங்கற் சுவர்களும், உறைகிணறுகளும், எழுத்துக் கீறிய பானை ஓடுகளும் வெளிவந்தன. கீழடியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கொந்தகை என்று ஓர் ஊர். கீழடியில் வாழ்ந்தவர்கள் இறந்த பிறகு அடங்கிய இடம் கொந்தகை என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. 2020 முதல் அங்கே நடந்த அகழ்வில் முதுமக்கள் தாழிகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. இறந்தோரைத் தாழியில் கவிக்கும் வழக்கம் நம் நாட்டில் இருந்ததை மணிமேகலை ஆசிரியரும் சொல்லியிருக்கிறார். அந்தத் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்துக்கொண்டுதான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து மரபணு அறிஞர் குமரேசன் குழுவினரும், இங்கிலாந்தில் லிவர்ப்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முக ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து இந்த முகங்களை வரைந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் நான் பெருமையோடு சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஸார், இவங்க ரெண்டு பேரும் என்ன ஜாதி?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை; பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது, உட்கார்" என்று அதட்டியிருக்கலாம். அதட்டினால் கேள்வி வாயைவிட்டுப் போகும், மனத்தைவிட்டுப் போகாது. ஆகவே, "மண்டையோட்டைப் பார்த்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று முதலில் தெரிந்துகொள்வோம், பிறகு உன் கேள்விக்கு வருவோம்" என்றேன். அன்று தொடங்கிய பாடம் மூன்று நாள் நடந்தது. அதைத்தான் இங்கே சுருக்கி எழுதுகிறேன்.

நம் பாட்டிமார்கள் ஒரு விஷயம் சொல்வதுண்டு. மனிதன் பிறக்கும்போதே பிரமதேவன் அவனுடைய மண்டையில் விதியை எழுதி அனுப்பிவிடுகிறானாம். அதற்குச் சாட்சியும் இருக்கிறது. சுடுகாட்டு ஓரத்தில் கிடக்கும் மண்டையோட்டைப் பார்த்தால், கோணலும் மாணலுமாகப் புரியாத லிபியில் எழுதினாற்போல் கோடுகள் ஓடுவது தெரியும்! தலையெழுத்து என்ற வார்த்தைக்கு அவர்கள் கூறும் விளக்கம் இது. கோடுகள் இருப்பது உண்மை. அவை எழுத்தைப்போல் இருப்பதும் உண்மை. ஆனால் அவை பிறக்கும்போதே எழுதப்படுவன அல்ல என்பதுதான் சுவாரஸ்யமான விஷயம்.

மண்டையோடு என்பதை நாம் ஒரே எலும்பாக, கவிழ்த்த சட்டிபோல நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது 22 எலும்புகளால் ஆனது. மூளையை மூடியிருக்கும் கபாலத்துக்கு எட்டு, முகத்துக்குப் பதினான்கு. நெற்றியில் ஒன்று, உச்சந்தலையின் இரு பக்கமும் கூரைபோல் இரண்டு, காதுகளை ஒட்டிப் பொட்டெலும்புகள் இரண்டு, பிடரியில் ஒன்று. அடித்தளத்தில், எல்லாவற்றுக்கும் நடுவே வௌவால் சிறகை விரித்தாற்போல் ஓர் எலும்பு. மூக்கின் கூரையில் சல்லடைபோல் துளைகள் நிறைந்த மற்றோர் எலும்பு. அந்தத் துளைகளின் வழியாகத்தான் மல்லிகையின் மணம் நரம்பேறி மூளைக்குப் போகிறது. காதுக்குள் இருக்கும் ஆறு சிற்றெலும்புகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றுள் மிகச் சிறியது சுமார் 3 மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியிலும் பாதி. உடம்பிலுள்ள மற்ற எலும்புகளெல்லாம் பிறந்த பிறகு வளர, காதின் இந்தச் சிற்றெலும்புகள் பிறக்கும்போதே முழு வளர்ச்சி பெற்று வந்துவிடுகின்றன.

இந்த 22 எலும்புகளில் அசையக்கூடியது ஒன்றே ஒன்று, கீழ்த்தாடை. மற்றவையெல்லாம் ஒன்றோடொன்று இறுகக் கோத்தவை. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் தேக்கு நிலைகளையும் உத்தரங்களையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கோப்பு எளிதில் விளங்கும். ஒரு மரத்தின் நாக்கை மற்றொரு மரத்தின் பள்ளத்தில் இறக்கித் தச்சர்கள் பொருத்துவதுபோல, ஓர் எலும்பின் பல் மற்றோர் எலும்பின் இடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கை விரல்களையும் கோத்துப் பாருங்கள், அதே மாதிரி. அந்தக் கோர்வைதான் மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு லிபிபோல் தோன்றுகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெண், "அப்படியானால் பிரமன் தச்சனா, ஸார்?" என்றாள். எனக்கு அந்த அபிப்பிராயம் பிடித்திருந்தது.

கபாலத்தின் சுவர் பெரியவர்களுக்குச் சாதாரணமாக ஆறு, ஏழு மில்லிமீட்டர் கனமிருக்கும். அதிலும் வெளியே ஒரு கெட்டித் தகடு, உள்ளே ஒரு கெட்டித் தகடு, நடுவே பஞ்சுபோன்ற ஒரு படலம். இலேசாகவும் இருக்க வேண்டும், அடியும் தாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் சுவர் மெல்லியது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நாம் பொட்டு என்று சொல்லும் இடம். நான்கு எலும்புகள் அங்கே கூடுகின்றன. அதற்கு நேர் உள்ளே ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. பொட்டில் பலமாக அடிபட்டால் எலும்பு விரிந்து அந்தக் குழாய் அறுந்துவிடலாம். அடிபட்டவன் எழுந்து நடந்து, பேசி, "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கும் போய்விடுவான். சில மணி நேரத்துக்குப் பிறகு, உள்ளே தேங்கிய ரத்தம் மூளையை அழுத்தும்போதுதான் ஆபத்துத் தெரியும். 'பொட்டில் அறைந்தாற்போல்' என்று நம்மவர்கள் பேச்சில் வைத்தது சும்மா அல்ல. தலைக்கவசத்தை வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு செல்லும் காரைக்குடி இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வருகிறது.

இனி, அந்தக் கோடுகள் எப்போது எழுதப்படுகின்றன என்ற விஷயத்துக்கு வருவோம்.

பிறக்கும் சிசுவின் மண்டையில் 22 அல்ல, 40-க்கும் மேற்பட்ட தனித்தனித் துண்டுகள் இருக்கின்றன. நெற்றி எலும்பே இரண்டு பாதிகள்; கீழ்த்தாடையும் இரண்டு பாதிகள். கபாலத்தின் அடித்தளம் முதலில் குருத்தெலும்பாக உருவாகிப் பின்னர் எலும்பாக மாறுகிறது. மேற்கூரையோ குருத்தெலும்பு என்ற கட்டமே இல்லாமல், மெல்லிய சவ்வில் நேராக எலும்பு படிந்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பரவுகிறது. ஒவ்வொரு தகடும் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மெத்தென்றும் இருக்கும். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி. அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிரசவமே நடவாது. தாயின் இடுப்பெலும்பு வழியாகத் தலை வரும்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி வழிவிடுகின்றன. பிறந்த குழந்தையின் தலை கூம்பிக் காணப்படுவது இதனால்தான். சில நாட்களில் அது தானே சரியாகிவிடும். அதற்காகக் குளிப்பாட்டும்போது தலையை உருண்டையாகப் பிடித்துவிட வேண்டியதில்லை. மிருதுவாக எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை, அழுத்துவதுதான் வேண்டாம்.

மூன்று அல்லது நான்கு தகடுகள் கூடுமிடத்தில் இடைவெளி சற்று அகலமாக இருக்கும். பிறக்கும்போது இப்படி ஆறு இடங்கள் உண்டு. பின்புறத்துச் சிறு குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிக்கொள்கிறது. முன்பக்கத்துப் பெரிய குழியைத்தான் நாம் உச்சிக்குழி என்கிறோம். அநேகமாக ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிடும். சில குழந்தைகளுக்கு இரண்டு வயதுவரை ஆகலாம். அதன்மேல் விரலை வைத்தால் நாடி துடிப்பது தெரியும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் இரண்டாவது பெண் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஒரு சித்திரை மாதத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அன்று மாலை குழந்தையை மடியில் போட்டு உச்சியைத் தடவிப் பார்த்த என் தாயார், "உச்சி உள்ளே விழுந்துருச்சுப்பா, இது நல்லதுக்கில்லை" என்றார். அண்டைவீட்டு அம்மாள், பக்கத்துக் கிராமத்தில் உச்சி எடுக்கிறவர் ஒருவர் இருப்பதாகவும், வாய்க்குள் விரலை விட்டு அண்ணத்தை மேலே தூக்கிவிட்டால் குழி சரியாகிவிடும் என்றும் யோசனை சொன்னார். நான் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவன் அல்லவா? "இதெல்லாம் மூடநம்பிக்கை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்துவிட்டேன். என் தாயார் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். வேறு வழியின்றி டாக்டரிடம் போனோம். டாக்டர் உச்சியைத் தொட்டுப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "யார் கண்டுபிடித்தது? சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள்" என்பதுதான்.

உடம்பில் நீர் வற்றினால் மண்டைக்குள்ளிருக்கும் அழுத்தம் குறைகிறது. மூட எலும்பில்லாத இடத்தில் தோல் உள்ளே இறங்குகிறது. குழி விழுவது நோயல்ல, நோயின் அடையாளம். அண்ணத்தைத் தூக்கி அதைச் சரிசெய்ய முடியாது; இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் தானே சரியாகும். தாய்ப்பாலை நிறுத்தாமல், உப்புச் சர்க்கரைக் கரைசலை மருத்துவர் சொன்ன அளவில் புகட்டி, இரவு முழுவதும் விழித்திருந்தோம். விடியும்போது குழந்தை சிரித்தாள். அந்தச் சமயத்தில் அண்டைவீட்டு அம்மாளும் தவறு, நானும் தவறு. என் தாயாரின் விரல் மட்டும் சரி. இதற்கு நேர்மாறாக, காய்ச்சலோடு உச்சிக்குழி புடைத்துக்கொண்டால் அது மூளையுறை அழற்சியாக இருக்கக்கூடும். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

தகடுகள் பிறந்த பின்னும் ஏன் சேராமல் இருக்கின்றன? மூளை வளர வேண்டியிருப்பதால். பிறக்கும்போது சுமார் 350 முதல் 400 கிராம் வரை இருக்கும் மூளை, முதல் வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. இரண்டு வயதில் பெரியவர்களுடைய மூளையில் ஐந்தில் நான்கு பங்கு ஆகிவிடுகிறது. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு 34, 35 சென்டிமீட்டர்; ஒரு வயதில் சுமார் 46. உள்ளேயிருந்து மூளை தள்ளத் தள்ள, தகடுகளின் ஓரங்களில் புது எலும்பு படிந்துகொண்டே வருகிறது. அதாவது, ஓட்டின் அளவுக்கு மூளை அடங்குவதில்லை. மூளையின் அளவுக்கு ஓடு விரிந்துகொடுக்கிறது. அபூர்வமாக 2,000 அல்லது 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதேனும் ஒரு பொருத்து முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும். அப்போது தலை வேறு பக்கம் நீண்டோ கோணியோ வளரும். "அப்பன் தலை மாதிரி" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டினால், முதல் வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்து சரிப்படுத்தலாம். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் குழந்தையின் தலையை நாடாவால் அளந்து அட்டையில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நாடாவின் விலை அற்பம்.

சிசுவின் மண்டையில் அந்தப் பொருத்துகள் ஏறக்குறைய நேர்க்கோடுகளாகவே இருக்கின்றன. வளர வளரத்தான் அவை நெளிகின்றன. மூளையின் தள்ளுதலும், மெல்லும் தசைகளின் இழுப்பும் வருஷக்கணக்கில் வேலை செய்து அந்த லிபியை எழுதுகின்றன. இருபது வயதுக்கு மேல், உட்புறமிருந்து தொடங்கி, கோடுகள் மெல்ல மெல்ல அழியத் தொடங்கும். ஒருவருக்கு நாற்பதில் அழிவது, மற்றொருவருக்கு எழுபதிலும் தெளிவாக இருக்கும். கோடுகளை மட்டும் பார்த்து வயதைச் சொல்வது நம்பத்தகாதது என்று இக்காலத்து உடற்கூற்று அறிஞர் கூறுகிறார்கள்.

வயதைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி பற்கள். ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், பன்னிரண்டில் இரண்டாவது, பதினேழுக்கு மேல் ஞானப்பல் என்று அவை பெரும்பாலும் முறைப்படி முளைக்கின்றன. முகம் வளர்வதும் பற்களாலும் மூச்சாலும்தான். குழந்தையின் கபாலத்தோடு ஒப்பிட்டால் முகம் எட்டில் ஒரு பங்குதான். பெரியவர்களுக்கு ஏறக்குறைய பாதி. குழந்தை முகம் நெற்றியும் கண்ணுமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. பல்லெல்லாம் விழுந்த கிழவரின் தாடையெலும்பு கரைந்து, தாடைக் கோணம் மறுபடியும் குழந்தையினுடையதைப்போல் அகன்றுவிடுகிறது. ஆணா பெண்ணா என்பதைப் புருவ மேடு, காதின் பின்னுள்ள முகடு, பிடரி மேடு, மோவாய் ஆகியவற்றின் பருமனைக்கொண்டு பெரும்பாலும் சொல்லலாம். இடுப்பெலும்பும் கிடைத்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம்.

முகத்தை வரைவது எப்படி? இது புதிய வித்தை அல்ல. 1895-ஆம் வருஷத்திலேயே ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்று ஆசிரியர், இறந்தவர் முகங்களில் எந்தெந்த இடத்தில் தசை எவ்வளவு கனம் என்று ஊசியால் அளந்து, ஸெஃப்னர் என்ற சிற்பியின் உதவியோடு, சங்கீத மேதை பாக்குடையது என்று கருதப்பட்ட மண்டையோட்டின்மேல் முகம் அமைத்துக் காட்டினார். இன்று மண்டையோட்டை ஸி.டி. ஸ்கேன் எடுத்துக் கணினியில் முப்பரிமாண உருவாக்கி, தசைகளை ஒவ்வொன்றாக அதன் எலும்பு மேடுகளில் ஒட்டி, கொழுப்பையும் தோலையும் போர்த்துகிறார்கள். கண்குழியின் அமைப்பு கண்ணின் இடத்தைச் சொல்கிறது. நாசித் துவாரமும் அதன் அடியிலுள்ள சிறு முள்ளும் மூக்கின் அகலத்தையும் நீட்சியையும் சொல்கின்றன. பல்வரிசை வாயின் அகலத்தைச் சொல்கிறது. அதற்குமேல் எலும்பு மௌனம் சாதிக்கிறது. காது மடல் எப்படி இருந்தது, உதடு தடித்ததா, குடுமி வைத்திருந்தாரா, மீசை உண்டா, மேனி என்ன நிறம் என்பதொன்றும் எலும்பில் இல்லை. கொந்தகை முகங்களின் நிறமும் இக்காலத்துத் தென்னாட்டாரை ஒட்டித் தீட்டப்பட்டதுதான்.

நிறத்தையும் வம்சத்தையும் எலும்பின் வடிவத்தில் தேடாமல், எலும்புக்குள் ஒளிந்திருக்கும் மரபணுவில் தேடுகிறார்கள். அதற்கும் மண்டையோடுதான் புகலிடம். பொட்டெலும்பின் உட்பக்கத்தில், காதின் உள்ளுறுப்பைச் சூழ்ந்து, பாறைபோல் இறுகிய ஒரு பகுதி உண்டு. அறிஞர்கள் அதற்கு இட்ட பெயரே 'பாறை' என்றுதான் பொருள்படும். உடம்பு முழுவதும் மக்கிய பிறகும் அதற்குள் மரபணு மிச்சமிருக்கக்கூடும். நம்முடைய வெப்ப தேசத்தில் அதுவும் எளிதல்ல. ஹரியானாவிலுள்ள ராக்கிகடியில் 60-க்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணினுடையதுதான் பலன் தந்தது; அதன் முடிவு 2019-ல் வெளிவந்தது.

இப்போது பையனுடைய கேள்விக்கு வருவோம். அவனைக் கோபித்துப் பயனில்லை என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதே கேள்வியைப் பெரிய பெரிய அறிஞர்கள் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

1840-களில் ஸ்வீடன் தேசத்து ரெட்ஸியஸ் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டியது. வந்த எண்ணைக்கொண்டு மனிதர்களை நீள்தலையர், அகல்தலையர் என்று பிரிக்க வேண்டியது. ஐரோப்பா முழுவதும் அளவுக் கருவிகள் புறப்பட்டன. நம் நாட்டை ஆண்டவர்களும் அவற்றைக் கொண்டுவந்தார்கள். சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த தர்ஸ்டன், தென்னாட்டு ஜாதியாரின் தலைகளையும் மூக்குகளையும் அளந்து குவித்தார். 1901-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை நடத்திய ரிஸ்லி துரை அதற்கும் ஒரு படி மேலே போனார். மூக்கு எவ்வளவுக்கெவ்வளவு அகலமோ அவ்வளவுக்கவ்வளவு ஜாதியில் தாழ்வு என்பது அவருடைய சித்தாந்தம்! ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரே 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்த மண்டையோடுகளும் இந்த அளவுகோலுக்குத் தப்பவில்லை. 1930-ல் ஸக்கர்மன் அவற்றைப் பரிசோதித்து எழுதிய அறிக்கையை எடுத்துப் பார்த்தால், எந்தத் தலையில் எந்த இனத்தின் சாயல் என்ற விசாரணையே மேலோங்கி நிற்கிறது.

அளந்த எண்கள் பொய் அல்ல. எண்ணிலிருந்து அவர்கள் தாவிய தாவல்தான் பொய். அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ் என்பவர், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களையும் அவர்களுடைய குழந்தைகளையுமாக ஏறக்குறைய 18,000 பேரின் தலைகளை அளந்து, 1911-12-ல் முடிவை வெளியிட்டார். ஒரே பெற்றோருக்குப் பழைய தேசத்தில் பிறந்த பிள்ளைக்கும் புது தேசத்தில் பிறந்த பிள்ளைக்கும் தலை எண் மாறுபட்டது! அந்த மாறுதல் எவ்வளவு பெரிது என்பதைப் பற்றி அறிஞர்கள் பின்னரும் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் சிசுவை எந்தப் பக்கமாகப் படுக்கவைக்கிறோம் என்பதே மண்டையின் வடிவத்தை மாற்றக்கூடும் என்பதில் இன்று எந்த மருத்துவருக்கும் சந்தேகமில்லை. 1994 முதல் அமெரிக்காவில் குழந்தைகளை மல்லாந்து தூங்கவைக்கச் சொல்லி, அதனால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார்கள். கூடவே பின்தலை தட்டையான குழந்தைகளும் அதிகமானார்கள். தாய் படுக்கவைக்கும் விதத்தால் மாறுகிற ஒன்றை வம்சத்தின் முத்திரை என்று எப்படிச் சொல்வது?

ரிஸ்லியின் கணக்கைப் பார்த்தவர் நம்மவர் ஒருவர். கல்கத்தாவைச் சேர்ந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ். ரிஸ்லி வங்காளத்தில் அளந்த எண்களை அவர் 1930-களில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பிழைகளைக் கண்டு திருத்தினார். அதோடு நிற்கவில்லை. ஒரு தலையை ஓர் எண்ணால் மட்டும் எடைபோடுவது தவறு. பல அளவுகளை ஒன்றுசேர்த்து, அவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்ந்து மாறுகின்றன என்பதையும் கணக்கில் கொண்டால்தான் இரண்டு கூட்டத்தாருக்கு நடுவே உள்ள தூரம் தெரியும் என்று காட்டினார். அந்தச் சூத்திரம் 1936-ல் வெளிவந்தது. மகலனோபிஸ் தூரம் என்ற பெயரோடு அது இன்று செயற்கைக்கோள் படங்களைப் பிரித்தறிவதிலும், யந்திரங்களில் கோளாறு கண்டுபிடிப்பதிலும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. தலை அளக்க வந்தவர்களின் கணக்கு மூலைக்குப் போயிற்று. அந்தக் கணக்கைத் திருத்த வந்தவருடைய கணக்கு வாழ்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிட்டது என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். உயரட்டும்.

"ஆகவே, நீ கேட்டதற்குப் பதில் அந்த எலும்பில் எழுதியிருக்கவில்லை, அப்பா" என்று பையனிடம் சொன்னேன். அவன் முகத்தில் அவ்வளவு திருப்தி தெரியவில்லை. "மரபணுவில்?" என்றான். "எந்தக் கூட்டத்தார் எந்தக் கூட்டத்தாரோடு எப்போது கலந்தார்கள் என்று அதில் தெரியலாம். எவர் எவருக்கு மேல் என்பது அதிலும் கிடையாது" என்றேன்.

சில வாரங்கள் கழித்துப் பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துக்கொண்டு போனோம். 2023-ல் திறந்த அந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். தூண்களையும் முற்றத்தையும் பார்த்ததும் எங்கள் பிள்ளைகள், "நம்ம ஊர் வீடு மாதிரியே இருக்கு!" என்று உரிமையோடு உள்ளே ஓடினார்கள். கேள்வி கேட்ட பையன் மட்டும் தாழிகளின் முன்னால் வெகுநேரம் நின்றான்.

திரும்பி வரும்போது, சிவகங்கை தாண்டியிருக்கும், அவன் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான்.

"ஸார், அந்தக் கொந்தகைத் தாத்தா என்ன சாப்பிட்டிருப்பார்?"

"அதைக் கேள்" என்றேன். "கடைவாய்ப்பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், மாவோடு கல்லுத்தூளும் கலந்த முரட்டு உணவா, மெல்லிய உணவா என்று ஒருவாறு தெரியும். பல்லில் படிந்த காரையைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் வைத்தால், எந்தத் தானியத்து மாவு என்றுகூடச் சில சமயம் தெரியும்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தன் வாயைத் திறந்து, கடைவாய்ப்பல்லை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டான்.